பன்னிரண்டாம் நோன்பின் படம்

கேமராவின் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் உஸ்தாத் பஹ்கத்தின் உதடுகள் ஒருமுறை அசையும். சத்தம் வராது. மூச்சைப் பிடித்துக்கொள்வார், உதடு அசையும், பிறகுதான் விரல் இறங்கும். எங்கள் சந்தில் பலர் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிறார் என்பார்கள் சிலர். பொய்ப்பல் ஆடுகிறது, அதைச் சரிசெய்கிறார் என்பார்கள் சிலர். நான் முதல் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். எதிர்ப்பக்கம் அவருடைய ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவு. நடுவில் நாலு எட்டு அகலத்துக்குச் சந்து. அந்த உதட்டை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அவர் என்ன சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார்ந்திருந்தவள், ஆண்கள் முன்னால் நிமிர்ந்து பார்த்துப் பழகாதவள். ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். கைக்கெட்டும் தூரம்தான். "மாஷா அல்லாஹ்" என்று மூச்சோடு மூச்சாக ஒரு சொல் காதில் விழுந்தது. அழகானதைக் கண்டால் கண் படாமலிருக்கச் சொல்வது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என்னைத்தான் சொல்கிறாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். "மோவாயைத் தூக்கும்மா" என்றார். அடுத்து வந்த கசாப்புக்கடைக்காரருக்கும் அவர் உதடு அதையே சொன்னதை வாசலில் நின்று பார்த்த பிறகுதான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அவர் பார்வை பட்டு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது, அதற்காக எல்லாருக்கும் சொல்கிறார்.

கெய்ரோவில் சையிதா ஜைனப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. பக்கத்திலேயே பதிவு அலுவலகம் இருந்ததால் பஹ்கத்துக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் ஒரே வேலை. வெள்ளைத் துணியின் முன்னால் ஒரு முகம், இரண்டு காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் சிரிக்காத முகங்களையே எடுத்த மனிதர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை.

நான் சொல்லப்போகிற ரமலான் குளிர் விடுகிற சமயத்தில் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வட்டாரக் கலாசார மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரமலான் முழுக்க, நாளுக்கு ஒரு படம் வீதம், வட்டாரத்தின் வாழ்க்கையை முப்பது படங்களில் எடுத்துக் கொடுத்தால் பெருநாளுக்கு மன்றத்தின் சுவரில் மாட்டுவார்கள். அந்தந்த நாளின் படம் அந்தந்த நாளிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சுவர் வேறொருவருக்குப் போய்விடும். பஹ்கத் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தார். எடுத்துப் படிப்பார், மடிப்பார், மறுபடி எடுப்பார். கைப்பட்டுக் கைப்பட்டு மடிப்பில் காகிதம் கிழிந்ததை ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

முதல் நோன்பன்று மாலைத் தொழுகையான அஸர் முடிந்ததும் ஸ்டூடியோவைப் பூட்டிக் கழுத்தில் கேமராவோடு வெளியே வந்தார். பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட பையன் மாதிரி ஒரு நடை. எதிர்ப்பட்டவர்கள் விட்டுவைக்கவில்லை.

"என்ன உஸ்தாத், இனிமே எங்களுக்குக் காது ஒண்ணு தெரிஞ்சாப் போதுமா?"

"சிரிக்கலாமா, இல்ல பதிவு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்களா?"

நாளுக்கு ஒரு தடவைதான் பட்டனை அழுத்துவார். அது அவருடைய பழக்கம். ஸ்டூடியோவிலும் ஒரு முகத்துக்கு ஒரு தடவைதான். சுற்றி வருவார், நிற்பார், குனிவார், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார், இறக்கிவிடுவார். மாலை வெயில் பள்ளிவாசல் சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது சந்திலிருந்து தெரியாது, என் ஜன்னலிலிருந்து தெரியும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நிமிர்ந்து பார்த்து, "நபவிய்யா, வெளிச்சம் இன்னும் இருக்காம்மா?" என்றார். வாயைத் திறந்து பதில் சொல்ல எனக்குக் கூச்சம். மூன்று விரலைக் காட்டினேன், மூன்று சாண் இருக்கிறது என்று. தலையாட்டிவிட்டு ஓடினார். அன்றிலிருந்து தினமும் அவர் நிமிர்ந்து பார்ப்பதும் நான் விரல் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

எடுத்த படத்தை மறுநாளே கழுவி, ஸ்டூடியோவுக்குள் ஒரு கம்பி கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டிவிடுவார். சந்தே வந்து பார்க்கும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து நானும் போவேன். வட்டக் கல்லின் மேல் மாவை நூல் நூலாக ஊற்றும் குனாஃபா மிட்டாய்க்காரர். தெருவின் குறுக்கே காகிதத் தோரணம் கட்ட நாற்காலி மேல் ஏறிய வக்கீல், கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும் அவருடைய குமாஸ்தா. தர்ம விருந்துக்குப் போட்ட நீண்ட மேஜை, வரிசையாகத் தட்டுகள், நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிஷம், எல்லார் கையும் மேஜை மேல், ஒருவரும் தொடவில்லை. டிராம் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருக்கும் போலீஸ்காரர். இவையெல்லாம் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் நடந்தவை. நான் எதையும் பார்த்ததில்லை. ஜன்னலுக்குத் தெரிகிற சந்துதான் எனக்கு ஊர் என்று இருந்தேன். அந்தக் கம்பியில்தான் என் ஊரைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் படம் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே எடுத்தது. அங்கே ரகப்பின் இஸ்திரிக் கடை. ரகப்புக்கும் மனைவிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள், யும்னா. பிறந்த நாளிலிருந்து அவள் அம்மாவை எல்லாரும் உம் யும்னா, யும்னாவின் தாய், என்றுதான் கூப்பிட்டார்கள், அந்தப் பெயரைக் கேட்க அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தவள். கண் பட்டுவிடும் என்று அப்படி ஒரு பயம் அவளுக்கு. மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் அண்ணன் பிள்ளைகளின் பழைய கால்சட்டையைத்தான் போடுவாள். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே அனுப்பும்போது கன்னத்தில் கரியைத் தடவி அனுப்புவாள். யாராவது உற்றுப் பார்த்தால், "இந்தக் குரங்கையா பாக்குறீங்க?" என்பாள்.

அன்று உம் யும்னா ரொட்டி வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். பெருநாளுக்குத் தைத்த மஞ்சள் கவுன் வந்திருந்தது. ரகப்புக்கு ஆசை தாங்கவில்லை. அளவு பார்க்கிறேன் என்று முகத்தைத் துடைத்து, கவுனை மாட்டி, இஸ்திரி போட்டு அடுக்கிய வெள்ளைத் துணிக் குவியலின் மேல் மகளை உட்காரவைத்தார். பஹ்கத் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். மேலே என்னைப் பார்த்தார். ஒரு விரல் காட்டினேன். கேமராவைத் தூக்கினார்.

எனக்குக் குழந்தை தெரியவில்லை. அவள் எனக்கு நேர் கீழே. எனக்குத் தெரிந்தது அவர் முகம்தான். மூச்சைப் பிடித்தார். உதடு அசைந்தது. விரல் இறங்கியது.

மறுநாள் கம்பியில் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் ஆவி பின்னால் மேகம் மாதிரி எழும்ப, வெள்ளைக் குவியலின் மேல் யும்னா, வாயில் ஒரு நூல் குனாஃபா, அதை உள்ளே இழுப்பதா வெளியே துப்புவதா என்று யோசிக்கிற கண். பன்னிரண்டு படங்களில் அதற்கு ஈடு இல்லை. பஹ்கத்துக்கும் தெரிந்திருந்தது. அதை மட்டும் நடுவில் மாட்டியிருந்தார். சந்து முழுக்க வந்தது. "நிலாத்துண்டு!" "ரகப், இவளை எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?" உம் யும்னாவே வந்து, மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தாள். "என் பொண்ணா இது?" என்றாள்.

பதினாலாம் நோன்பன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் அனல். அதற்கடுத்த நாள் உடம்பெல்லாம் சிவப்பு. டாக்டர் தட்டம்மை என்றார், ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். பதினேழாம் நாளும் குழந்தை கண் திறக்கவில்லை. மதியம் உம் யும்னா தலைமுடிகூடச் சரியாக மூடாமல் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். கூட ரகப்பும், ஊறுகாய் விற்கும் பாட்டி ஹாஜா தவ்ஹீதாவும்.

"உஸ்தாத், அந்தப் படத்தைக் குடுங்க. நெகட்டிவையும் குடுங்க."

"குழந்தை எப்படிம்மா இருக்கா?"

"குழந்தையைப் பத்தி அப்புறம் கேளுங்க. எடுக்கும்போது மாஷா அல்லாஹ் சொன்னீங்களா? பக்கத்துலயே நின்னாரு என் புருஷன். அவரு காதுல விழல."

"இஸ்திரிப் பெட்டி சத்தம்டி..." என்றார் ரகப்.

"நீங்க சும்மா இருங்க. கவுனை மாட்டினதே நீங்கதானே!"

பஹ்கத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பவும் சொல்வேன்மா. அன்னிக்கு வெளிச்சம் போய்க்கிட்டே இருந்துச்சு, அவசரம்... நோன்பு வாயால பொய் சொல்ல மாட்டேன். சொன்னேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல."

நான் மேலே ஊசியும் கையுமாக இருந்தேன். அவர் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்களே என்ற ஒரே எண்ணம். அவர் உள்ளே போய்ப் படத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்தார். நெகட்டிவ் சுருளிலிருந்து அந்த ஒரு துண்டை வெட்டி எடுத்தார். இரண்டையும் கொடுத்தார். முப்பதில் ஒன்று போனால் முப்பதும் போயிற்று என்று அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். "குழந்தை எழுந்திரிக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து எனக்குக் குரல் வந்தது. "நபவிய்யா! கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வா!"

கண் பட்டால் எங்கள் பக்கத்தில் செய்வது இதுதான். காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டி, இன்னார் கண்ணுக்கு, இன்னார் கண்ணுக்கு என்று பெயர் சொல்லி ஊசியால் குத்தி, படிகாரமும் சாம்பிராணியும் சேர்த்து எரிப்பது. சந்தில் நல்ல கத்தரிக்கோலும் நடுங்காத கையும் என்னுடையவை, அதனால் வெட்டுவது எப்போதும் நான்தான். கடையை ஒட்டிய அறையில் குழந்தை படுத்திருந்தாள். ஹாஜா தவ்ஹீதா தணல் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஃபிர்தவ்ஸும் இருந்தாள். உம் யும்னா என் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தாள்.

"இதுலயே வெட்டு. எது மேல கண் பட்டுச்சோ அதையே எரிக்கணும். அப்புறம் நெகட்டிவையும் போட்டுடு."

"அம்பது வருஷமா பழைய நியூஸ் பேப்பர்லதான் வெட்டறோம்" என்றார் ஹாஜா. "அதுலேயே கேக்கும்டி."

"இது அந்த மாதிரிக் கண்ணு இல்ல ஹாஜா, கேமராக் கண்ணு."

கத்தரிக்கோலைத் திறந்தேன். குனாஃபா நூலோடு யும்னா என்னைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, துணிக் குவியலுக்குப் பக்கத்தில், பஹ்கத் ரகப்போடு நின்றிருந்தார். உள்ளே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை மூடினேன்.

"அவர் சொன்னார்" என்றேன்.

"யாரு? என்ன?"

"உஸ்தாத். மாஷா அல்லாஹ் சொன்னார். நான் பார்த்தேன்."

ஃபிர்தவ்ஸ் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா, அதுலயும் சத்தத்தைப் பார்த்தேங்கறா!"

"அவருக்குச் சத்தம் வராது. உதடு அசையும். எனக்குப் படம் எடுத்தப்பவும் அதேதான் சொன்னார், கிட்டத்துல கேட்டேன். உங்க எல்லாருக்கும் சொல்லியிருக்கார். அன்னிக்கும் உதடு அசைஞ்சுது. நானும் நோன்போடதான் சொல்றேன்."

உம் யும்னா என்னை முறைத்தாள். "அவர் கண்ணு இல்லேன்னா, பின்ன யார் கண்ணுடி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நாலு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்த பதில். "நான் கம்பியில அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். என்ன அழகுன்னு நெனச்சேன். மாஷா அல்லாஹ் சொல்லல. காகிதம்தானேன்னு தோணிச்சு. முதல்ல என் பேருக்குக் குத்துங்க."

ஹாஜா தணலைக் கிளறினார். பிறகு, "நானும் நிலாத்துண்டுன்னேன்" என்றார் மெதுவாக. "அதோட நிறுத்திட்டேன்."

"நான் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன்" என்றாள் ஃபிர்தவ்ஸ், சிரிப்பெல்லாம் போய்.

"சந்துல ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டோம்" என்றார் ஹாஜா. "நேர்ல குழந்தையைப் பார்த்தா வாய் தானா சொல்லும். படத்தைப் பார்த்து யாருடி சொல்றா?"

உம் யும்னா படத்தை என் கையிலிருந்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். "நானே சொல்லலியே" என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

பொம்மையைப் பழைய செய்தித்தாளில்தான் வெட்டினேன். முதல் குத்து என் பெயருக்கு. அடுத்தது ஹாஜாவுக்கு, பிறகு ஃபிர்தவ்ஸுக்கு, பிறகு ரகப்புக்கு. பெற்றவள் கண்ணுக்கும் ஒன்று என்று உம் யும்னா தானே ஊசியை வாங்கிக் குத்தினாள். வெளியிலிருந்து பஹ்கத்தின் குரல் வந்தது. "எனக்கும் ஒண்ணு குத்திடுங்கம்மா. விட்டுப்போக வேணாம்." குத்தினோம். குத்தக் குத்த ஞாபகம் வந்த பெயர்களையெல்லாம் சேர்த்தோம், வக்கீலையும் குமாஸ்தாவையும்கூட. கடைசியில் பொம்மை சல்லடையாகிவிட்டது. எரிந்த படிகாரம் பொங்கி ஒரு உருவமாக நின்றது. கண் வைத்தவரின் முகம் அதில் தெரியும் என்பார்கள். பால்காரன் முகம் என்றாள் ஃபிர்தவ்ஸ். உன் மாமியார் மாதிரி இருக்கிறது என்றார் ஹாஜா. அந்த அறையில் நாலு நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

படமும் நெகட்டிவும் உம் யும்னாவிடமே இருந்தன. குழந்தை எழுந்து நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். பஹ்கத் அன்றும் அடுத்தடுத்த நாளும் அஸருக்குப் பிறகு கேமராவோடு கிளம்பினார். முப்பது தேறுமா என்று தெரியாமலேயே பதினேழையும் பதினெட்டையும் பத்தொன்பதையும் எடுத்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பார். நான் விரல் காட்டுவேன். இருபத்திரண்டாம் நாள் யும்னா எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாள். இருபத்தைந்தாம் நாள் பெண்கள் பெருநாள் பிஸ்கட் தட்டுகளைத் தலையில் வைத்து பேக்கரிக்குப் போகும்போது அவள் பின்னாலேயே ஓடினாள், பழைய கால்சட்டையோடு, கன்னத்தில் கரியோடு. அன்றைய படம் அந்தத் தட்டுகள். ஓரத்தில் ஒரு சின்னக் கால் மட்டும் விழுந்திருக்கும்.

குணமானது ஊசிக்குத்தாலா டாக்டர் ஊசியாலா என்று ரகப்பும் மனைவியும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் உம் யும்னா படத்தையும் நெகட்டிவையும் ஒரு உறையில் போட்டு ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தாள். என்னையும் கீழே கூப்பிட்டாள்.

"மாட்டிக்குங்க உஸ்தாத். ஆனா அங்க முன்பின் தெரியாத ஆளுங்கல்லாம் வருவாங்க. பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு, கண் படாம இருக்க இந்த நீலமணியைத் தொங்கவிடணும். இவளும் அங்க நிக்கணும்."

"யாரு, நானா?"

"நீதான். பாக்குறவங்க எல்லாரையும் மாஷா அல்லாஹ் சொல்ல வெச்சுட்டுத்தான் அனுப்பணும். உதட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவ நீ ஒருத்திதானே."

பெருநாளின் மூன்று நாளும் நான் கலாசார மன்றத்தில் பன்னிரண்டாம் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் நாள் காலையில் வந்த இருபது பேரிடம் வாயே திறக்க முடியவில்லை, அவர்கள் சார்பில் நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கோட்டுப் போட்ட மனிதர் "பிரமாதம், பிரமாதம்" என்று கையை நீட்டிப் படத்தைத் தொடப் போனபோதுதான் பொறுக்காமல், "மாஷா அல்லாஹ் சொல்லுங்க ஐயா" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் பழகிவிட்டது. மன்றத்து அதிகாரி வந்து, "இந்தம்மா யாரு, நம்ம ஆளா?" என்று கேட்டாராம். "படத்தோட சேர்ந்தவங்க" என்று பஹ்கத் சொன்னாராம்.

இப்போது பஹ்கத்துக்கு எழுபத்தொன்பது வயது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் மொபைல் போன் உறைகள் விற்கிறார்கள். முப்பது படங்களில் இருபத்தெட்டை மன்றம் எடுத்துக்கொண்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தர்ம விருந்து மேஜைப் படத்தை எனக்குக் கொடுத்தார், என் தையல் மெஷினுக்கு மேல் இருக்கிறது. பன்னிரண்டாம் படம் ரகப்பின் கடையில் மாட்டியிருக்கிறது, பக்கத்தில் அதே நீலமணி. யும்னாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், கீஸாவில் இருக்கிறாள். பஹ்கத் வெள்ளிக்கிழமைகளில் ரகப் கடை வாசலில் வந்து உட்காருகிறார். படம் எடுப்பதில்லை. பார்வை மங்கிவிட்டது. எதிரே மூன்று மாடி எழும்பிவிட்டதால் என் ஜன்னலிலிருந்து பள்ளிவாசல் சுவரும் தெரிவதில்லை.